குரங்கு வருவதற்குள் நின்றுவிடும் டிஸ்க்

"இசக்கிதுரை, வயசு இருபத்தி நாலு, இருக்கது ஷார்ஜா. அப்பா, அம்மா, செல்வி மூணு பேரும் கேட்டுக்கோங்க. மொதல்ல கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுங்க. பதறாதீங்க. நான் பதறல."

குடும்ப வாட்ஸப் குழுவில் இசக்கிதுரை போடும் எந்தச் செய்தியும் இப்படித்தான் தொடங்கும். அவனுடைய அப்பா சுந்தரபாண்டியன் ஓய்வு பெற்ற ஏட்டையா. காக்கிச் சட்டை போட்ட காலத்தில் பாதிக்கு மேல் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிற வேலைதான் பார்த்தார். பெயர், வயது, இருப்பிடம் இல்லாமல் வருகிற எந்தப் பேச்சையும் அவர் காதில் வாங்க மாட்டார், பெற்ற மகன் பேசினாலும் சரி. மகன் வேலை பார்ப்பதோ உறைந்த கோழியும் மீனும் அடுக்கி வைத்திருக்கும் குளிர்க் கிடங்கில். இரண்டு கையிலும் தலையணை மாதிரி உறை. போனில் விரலால் தட்ட வழியில்லை. அதனால் வாயால் சொல்லுவான், போன் எழுதிக்கொள்ளும். பேசப் பேச வாயிலிருந்து புகை வரும். பக்கத்தில் பெட்டி அடுக்குகிற கடையநல்லூர் உவைஸ், "மாப்ள, மறுபடியும் உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்தியமா?" என்று கேட்பான்.

வைத்தியம்தான். ஆனால் நோய் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்ததில்லை.

குற்றாலத்தில் சாரல் பிடித்த நாளிலிருந்து சுந்தரபாண்டியன் ஒரு லாட்ஜில் காவலுக்குப் போய்வந்தார். லாட்ஜில் தங்கியிருக்கிறவர்கள் அருவிக்குப் போகும்போது பையை வாசலில் அவரை நம்பி வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு நாள் ஈரோட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பையை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பை இல்லை. பைக்குள் ஒரு கைக்கடிகாரம், ஒரு மோதிரம், ஒரு போன், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய பல் செட். அருவித் தண்ணீர் அடிக்கிற அடியில் பல் செட் வாயில் நிற்காது என்று யாரோ பயங்காட்டியதால் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெரியவர் பொக்கை வாயோடு ஸ்டேஷனுக்குப் போய், காவல்காரர் மேல்தான் சந்தேகம் என்று மனு கொடுத்துவிட்டார்.

களவு மனுக்களை எழுதி எழுதியே விரல் காய்த்துப்போன மனிதரின் பெயர் களவு மனுவில் ஏறிவிட்டது. ஸ்டேஷனில் உட்கார வைத்து மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவரும் விறைப்பாக, இமை கொட்டாமல் காவல் காத்ததாகவும், ஈ காக்கா அந்தப் பக்கம் வரவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. குத்துக்கல்வலசையில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் போலீஸிலும் பட்டாளத்திலும் இருக்கிறவர்கள். தெருவில் இறங்கி நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டதை அம்மா போனில் சொன்னபோது, அந்தக் குளிரிலும் இசக்கிதுரைக்கு வேர்த்தது.

மறுநாள் எதிரிலிருந்த சிப்ஸ் கடையின் கேமராவை, கடையிலிருந்த சின்னத் திரையில் வேகமாக ஓட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஒரு குரங்கு. வாசலுக்கு வருகிறது, பையின் ஜிப்பைத் திறக்கிறது, துண்டைத் தூக்கி எறிகிறது, பல் செட்டை எடுத்து முகர்ந்து பார்க்கிறது, பிறகு பையையும் பல்லையும் தூக்கிக்கொண்டு மதில் ஏறிப் போய்விடுகிறது. சிப்ஸ் கடைக்காரர் அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஸ்டேஷனில், பென் டிரைவைக் கோப்பில் கோர்த்து வைக்க முடியாது, ஒரு டிஸ்க்கில் எழுதிக் கொண்டுவாருங்கள், ஈரோட்டுப் பெரியவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் கொண்டுவந்தால் அவரையும் வைத்துப் போட்டுப் பார்த்து அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார்கள்.

இது வெறும் அரை மணி நேரத்து வேலை. குரங்கு வருகிற துண்டை மட்டும் வெட்டினால் அதுவும் இல்லை. ஆனால் சுந்தரபாண்டியன் வெட்டக் கூடாது என்றுவிட்டார். பெரியவர் பை வைத்ததிலிருந்து குரங்கு போகிறவரை முழுசாக இருக்க வேண்டும், வெட்டினால் தடயத்தில் கை வைத்ததாக ஆகும். தென்காசியில் ஒரு ஸ்டுடியோக்காரர் எழுதித் தருகிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை. தடயம் கைமாறக் கூடாதாம். ஒருத்தருக்கும் போனில் காட்டவும் இல்லை. முறைப்படி ஒப்படைக்கும்வரை அது வீட்டு பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது.

ஆக, இசக்கிதுரை பாலிடெக்னிக் படிக்கும்போது வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் கதி. அவனுடைய தங்கை இசக்கிச்செல்வி தென்காசி முழுக்க அலைந்து, ரத வீதிப் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் ராக்கிக்கும் வளையலுக்கும் பின்னால் தூசி படிந்து கிடந்த ஐந்து வெற்று டிவிடிகளை வாங்கிவந்தாள். அதற்கு மேல் ஊரில் இல்லை.

முதல் டிஸ்க் நல்லபடியாக எழுதி முடிந்தது. முடிந்ததும் டிரே தானாக வெளியே வந்தது. செல்வி அதை மறுபடி போட்டு, வேகமாக ஓட்டிப் பார்த்தாள். லாட்ஜ் வாசல் வந்தது, நாற்காலியில் அப்பா வந்தார், பக்கத்தில் பை வந்தது. கடைசியில், திரையின் ஓரத்தில் ஒரு வால் நுழைகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

செல்வி அதை போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். இசக்கிதுரை பார்த்தான். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்ட அவனுடைய அப்பா, தலையைக் குனிந்து பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலைத் தெரிந்தவனுக்குத்தான் அது வால். தெரியாதவனுக்கு ஏதோ கயிறு. இந்த டிஸ்க்கை ஸ்டேஷனில் கொடுத்தால், குற்றவாளி பையைக் குறிவைக்கும் காட்சி என்று தலைப்புப் போட்டுக் கோப்பில் வைத்துவிடுவார்கள்.

உவைஸும் எட்டிப் பார்த்தான். "மாப்ள, இதுல உங்க வாப்பாவப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குடா" என்றான்.

இசக்கிதுரைக்கு அன்றிலிருந்து கோழி எது, மீன் எது என்று தெரியாமல் போயிற்று. பெட்டியை மாற்றி அடுக்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினான். சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடினான். ஒருவர் வேகத்தைக் குறை என்றார். இன்னொருவர் பென் டிரைவிலிருந்து நேராக எழுதாதே, முதலில் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்துகொள் என்றார். மூன்றாமவர் எழுதிய பிறகு சரிபார்க்கும் கட்டத்தை டிக் செய்யாமல் எழுதுகிறவன் மடையன் என்றார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாயால் சொல்லிக் குழுவில் ஏற்றினான்.

இரண்டாவது டிஸ்க்கை ஆக மெதுவான வேகத்தில் எழுதினார்கள். எழுதி முடித்து, சரிபார்க்கும்போது கம்ப்யூட்டர் பிழை என்றது. ஓட்டிப் பார்த்தால் இந்தமுறை குரங்கின் வாலோடு முதுகும் கொஞ்சம் தெரிந்தது. அம்மா முப்பிடாதியம்மாளுக்கு அதில் ஒரு நம்பிக்கை வந்தது. அடுத்ததில் முழுக் குரங்கும் வந்துவிடும் என்றாள்.

மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. சாரல் ஈரம் டிஸ்க்குக்குள் இறங்கியிருக்குமோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். அவன் சொன்னதோ அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் போடத்தான். அம்மா அதைத் தன் அனுபவத்தில் திருத்தி, மூன்றாவது டிஸ்க்கை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்து எடுத்தாள். அது வால் தெரிவதற்கு முன்பே நின்றது.

இப்போது மிச்சம் இரண்டு. ஈரோட்டுப் பெரியவர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார் என்று லாட்ஜிலிருந்து தகவல் வந்தது. பல் இல்லாமல் புரோட்டாவும் முடியாது, பார்டர் கடைச் சிக்கனும் முடியாது, கஞ்சி குடிக்க எதற்குக் குற்றாலத்தில் இருக்க வேண்டும் என்று கோபமாக இருக்கிறாராம்.

இசக்கிதுரை கிடங்கின் கதவுக்கு வெளியே வந்து, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயிலில் நின்று நேராகவே போன் போட்டான். செல்விதான் எடுத்தாள். அவன் புதிதாக ஒன்று படித்திருந்தான். டிஸ்க்கில் எழுத்து உள்ளே ஓட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்கிறது என்றால் கோளாறு விளிம்புப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். தூசி? துடைத்துவிட்டுத்தான் போட்டாளாம். விரல் ரேகை? விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குகிறார்களாம், அப்பா தடயத்தைத் தொடுவதற்கென்று கையில் கைக்குட்டை வேறு சுற்றிக்கொள்கிறாராம். எல்லாவற்றுக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். வேறு வழி தெரியாமல், எழுதின டிஸ்க்கைப் பளபளக்கும் பக்கம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான்.

போட்டோ வந்தது. மூன்று டிஸ்க்கும் மேசைமேல் வரிசையாக இருந்தன. மூன்றிலும், மேல் விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

இசக்கிதுரை போனைக் காதில் வைத்தான். "ஏட்டி செல்வி. அது என்னது?"

"எது?"

"டிஸ்க்குல அப்பியிருக்கே."

"அது பொட்டுல்லா" என்றாள் செல்வி, அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற குரலில்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டில் பிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. கேஸ் சிலிண்டருக்கு உண்டு. மாற்ற மாற்ற ஒவ்வொரு சிலிண்டருக்கும் உண்டு. கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாததால் நாலு பக்கமும் உண்டு. பொட்டு இல்லாத பொருளைக் கண்டிருந்தால்தான் செல்வி அதை வித்தியாசமாகச் சொல்லியிருப்பாள். டிஸ்க்கை யாரும் தொட்டார்களா என்று அண்ணன் கேட்டபோது பொட்டு அவள் நினைவுக்கே வரவில்லை. பொட்டு வைப்பது தொடுவதில் சேராது.

ஆனால் பொட்டை ஏன் அந்தப் பக்கம் வைக்க வேண்டும்? அதற்கும் காரணம் இருந்தது. மறுபக்கம் அப்பா இடம் வைக்கவில்லை. வெற்று டிஸ்க் கைக்கு வந்ததும் அவர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, சம்பவ இடம், நாள், மேற்படி குரங்கு மதில் வழியாகச் சென்ற திசை, தன் பெயர், ஓய்வு பெற்ற விவரம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வட்டமாக எழுதிவிடுவார். எழுத்துமேல் குங்குமம் பட்டால் அழித்து எழுதினதாகச் சந்தேகம் வரும் என்று எச்சரிக்கையும் செய்திருந்தார். அம்மா திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி, ஒரு எழுத்தும் இல்லாமல், முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. பொட்டு வைக்க இதைவிட நல்ல இடம் எது?

போன் அம்மாவின் கைக்குப் போயிற்று. இசக்கிதுரை சத்தம் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சத்தம் போட்டான். சந்தனம் இருக்கிற இடத்தில் எழுத்து விழாது, அந்த இடத்தில்தான் குரங்கு இருக்கிறது, நாலு நாளாக அவள்தான் குரங்கை மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்றான்.

முப்பிடாதியம்மாள் அசரவில்லை. "பொட்டு வைக்காம ஒரு காரியத்த எப்படிலே தொடங்குதது? ஒன் பைக்குக்கு வச்சேன். ஒன் பாஸ்போட்டுக்கு வச்சேன். நீ ஏரோப்ளேன் ஏறிப் போனியா இல்லயா?"

போனது உண்மைதான். விமான நிலையத்தில் அந்த அதிகாரி பாஸ்போர்ட் அட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அவனை ஓர் ஓரமாக நிற்க வைத்ததை அவன் வீட்டில் இதுவரை சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"எம்மா, இது வேற. இது உள்ள கண்ணு வச்சுப் படிக்கும். கண்ணுல சந்தனத்த அப்புனா எப்படித் தெரியும்?"

அம்மா டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்குக் கண்ணு அந்தப் பக்கமா இருக்கு?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அது தெரியாதேய்யா. நான் மொகம்னுல்லா நெனச்சேன்."

அதற்கு மேல் அவனாலும் கத்த முடியவில்லை. பிறகு நடந்தது ஒரு பேச்சுவார்த்தை. டிஸ்க்கில் எங்கேயும் கூடாது, டிஸ்க்கின் கவரில்கூடக் கூடாது, சாமி படத்துக்கு முன் டிஸ்க்கை வைக்கலாம் ஆனால் விபூதி பறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. டிரைவுக்குள் சிதறியிருக்கக்கூடிய சந்தனத்துக்காக, செல்வி பஞ்சையும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இசக்கிதுரை அலறி, அதைத் தடுத்து, வெறும் பஞ்சு போதும் என்று சொல்லிப் பொறுமையாகத் துடைக்க வைத்தான்.

நாலாவது டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது சாரலோடு காற்றும் அடித்து மின்சாரம் போய்விட்டது. அதில் யார் குற்றமும் இல்லை. அது போயிற்று.

ஐந்தாவதை எழுதத் தொடங்கினார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செல்வி போனைக் கம்ப்யூட்டருக்கு நேராக நிறுத்தி வைத்தாள். ஷார்ஜாவில் இசக்கிதுரையும், அவன் தோளுக்கு மேல் உவைஸும் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுதி முடிந்தது. சரிபார்ப்பும் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை.

இசக்கிதுரை அதோடு விட்டிருக்கலாம். அவன் சுபாவம் விடவில்லை. வேகமாக ஓட்டிப் பார்த்தால் போதாது, முதலிலிருந்து கடைசிவரை ஒரு நொடி விடாமல் ஓடுகிறதா என்று எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றான். சுந்தரபாண்டியனும், அதுதான் முறை என்றார்.

பார்த்தார்கள். பெரியவர் பையை வைத்துவிட்டு வாயைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். சுந்தரபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தொப்பியை இழுத்துவிட்டார். அவருடைய தலை மெல்ல மார்பை நோக்கி இறங்கியது, திடுக்கென்று ஏறியது, மறுபடி இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. குடை பிடித்த ஒரு கூட்டம் அவரைத் தாண்டிப் போயிற்று. ஒரு நாய் வந்து அவர் செருப்பில் ஒன்றை நகர்த்திவிட்டுப் போயிற்று. சட்டைப் பையிலிருந்த பேனா மடியில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. குரங்கு வந்து, நின்று, முதலில் அவருடைய முகத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தது. திருப்தியானது போல, அப்புறம்தான் பையின் பக்கம் திரும்பியது. பல் செட்டைத் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அளவு பார்த்தது.

உவைஸ் வாயைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் ஓடிவிட்டான்.

குத்துக்கல்வலசையில் யாரும் சிரிக்கவில்லை. முப்பிடாதியம்மாள் மட்டும், "இதான் இமை கொட்டாத காவலா?" என்று கேட்டாள்.

சுந்தரபாண்டியன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். சாரல் ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. குரங்கு பையைத் திறக்கிற கடைசிப் பகுதியை மட்டும் தனியாக வெட்டிக் கொடுக்க வழி உண்டா என்று, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

 வழி உண்டு. ஆனால் டிஸ்க் இல்லை. அதைவிட, அவர் கேட்டதுதான் இசக்கிதுரையை ஏதோ செய்தது. களவாணி என்று ஊர் சொல்லக் கூடாது என்பதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் இருந்த மனுஷன், இப்போது உறங்கினவன் என்று ஸ்டேஷனில் சொல்லிவிடுவார்களே என்று நிற்கிறார். அதுவும் இமை கொட்டவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு.

"அப்பா," என்றான். "எல்லாரும் ஒறங்கத்தான் செய்வாங்க. நான் இங்கன மீன் பெட்டி மேல ஒறங்கியிருக்கேன்."

சுந்தரபாண்டியன் ஜன்னலை விட்டு வந்தார். அப்புறம் அவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு டிரேயிலிருந்து டிஸ்க்கை எடுத்தார். கவரில் போட்டார். சட்டையை மாற்றினார். "வெட்டுனா வேற மாதிரி ஆயிரும்லே" என்று மட்டும் சொன்னார். முப்பிடாதியம்மாள் ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, டிஸ்க் இருந்த கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருடைய நெற்றியில் பொட்டு வைத்தாள்.

ஸ்டேஷனில் நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். ஈரோட்டுப் பெரியவரையும் உட்கார வைத்து முழுசும் போட்டார்களாம். ஓடத் தொடங்கும் முன்பே சுந்தரபாண்டியன் எழுந்து, முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டுத் தன் கையாலேயே திருத்திக் கொடுத்தாராம். குரங்கு பல்லை அளவு பார்த்த இடத்தில் ஸ்டேஷனே குலுங்கியதாம். முதலில் சிரித்தது பெரியவர்தானாம், அதுவும் பொக்கை வாயோடு. சுந்தரபாண்டியனின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக நினைத்துவிட்டேன் ஐயா என்றாராம். மனுவை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரே ஒரு பிடிவாதம் பிடிக்கிறார். அந்தப் படத்தில் ஒரு காப்பி அவருக்கு வேண்டும். பல் எப்படிப் போயிற்று என்று ஊரில் யாரும் நம்ப மாட்டார்களாம். அவர் வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருக்கிறதாம். நாளைக்குச் சாயங்காலம் கிளம்புகிறார். அப்பாவும் கௌரவமாக, காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இசக்கிதுரை உறைகளை மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனான். உவைஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். இசக்கிதுரை, குடும்பக் குழு போதாது என்று, சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடச் சேக்காளிகள், தெருக்காரர்கள் இருக்கிற குழுக்கள் எல்லாவற்றையும் சொல்லித் திறக்க வைத்து, வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசினான்.

"இசக்கிதுரை, வயசு இருபத்தி நாலு, குத்துக்கல்வலசை சுந்தரபாண்டியன் மவன், இருக்கது ஷார்ஜா. தென்காசி, இலத்தூர், செங்கோட்ட, சுந்தரபாண்டியபுரம் பக்கம் இத யார் படிச்சாலும் சரி. எழுதாத வெத்து டிவிடி ஒண்ணே ஒண்ணு வீட்டுல எங்கனயாவது கெடந்தா, நாளைக்குக் காலையில எங்க அப்பாகிட்ட கொண்டு கொடுத்துருங்க."